இடது கையில் எடுத்த ரத்தம்

ரத்தம் எடுத்ததும் ட்யூபைச் சுழற்றக் கூடாது, உறைவதற்கு அரை மணி நேரம் விட வேண்டும் என்று உங்களுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் போனைப் பார்க்கிறீர்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். மயிலாப்பூரில் எங்கள் லேப் இருந்த சந்தில் காலை வெயில் நேராக உள்ளே வராது. எதிர் மாடிக் கொடியில் காயும் வேட்டியில் பட்டு, வெள்ளையாகி, அதன் பிறகுதான் எங்கள் மேசைக்கு வரும். அந்த வெளிச்சத்தில் ட்யூப்கள் வரிசையாக நிற்கும். சிவப்பு கெட்டியாகிக் கீழே இறங்க, மேலே தேன் நிறத்தில் ஒரு விளிம்பு கட்டும். இது யாருடையது, இவர் இப்போது எங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நான் பாட்டுக்கு யோசித்துக்கொண்டு நிற்பேன். மேடம் கனவு காணுறாங்க என்று பசங்க கிண்டல் செய்வார்கள். கண்டேன்தான், மறுக்கவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆதம்பாக்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். ரொம்ப டெக்னிக்கலாக வேண்டாம் மேடம் என்றும் சொன்னீர்கள். நல்லதாகப் போயிற்று, அதெல்லாம் எனக்கே மறந்துகொண்டு வருகிறது. மறக்காத ஒன்றை எழுதுகிறேன். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சரியான ரிப்போர்ட்டுகள் எத்தனையோ, அவை எதுவும் நினைவில் இல்லை. இது மட்டும் இருக்கிறது.

டெஸ்டோஸ்டீரோன் மருந்து எடுத்துக்கொள்கிறவர்களின் ரத்தத்தைப் பார்ப்பதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அதற்குக் காரணம் தி.நகர் துணிக்கடையில் வேலை பார்த்த ஒருவர். அவர் ஊசி போட்டுக்கொள்கிறவர். ஊசி போட்ட மூன்றாம் நாள் வந்தால் அளவு வானத்தைத் தொடும், அடுத்த ஊசிக்கு முந்தின நாள் வந்தால் தரையில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் அவரும் டாக்டரும் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். ஊசி என்றைக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்ட ஒரு கேள்வியில் அது தீர்ந்தது. அன்றிலிருந்து இந்தப் பரிசோதனைக்கு யார் வந்தாலும், மருந்து என்ன, எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதாமல் சாம்பிளை வாங்கக் கூடாது என்று ஒரு சட்டமே போட்டேன். எப்போது என்று கேட்கக் கற்றுக்கொண்டதும், கேட்க வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். தலைக்கனம், வேறென்ன.

மாஸ்டர் வந்தது அதற்குப் பிறகு. சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். மூளைக்குக் கீழே பிட்யூட்டரியில் ஒரு கட்டி வந்து, மூக்கு வழியாக அதை எடுத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் உடம்பு தானாக டெஸ்டோஸ்டீரோன் ஹார்மோனைச் சுரப்பது நின்றுவிட்டது. ஊசி என்றால் அவருக்குப் பயம் என்பதால் அடையாற்றில் அவரைப் பார்த்த டாக்டர் ஜெல் எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் குளித்துவிட்டு பம்ப் பாட்டிலை இரண்டு அமுக்கு அமுக்கித் தோளில் தடவிக்கொள்ள வேண்டும். அதைப் போட ஆரம்பித்த பிறகுதான் பையன்களோடு மைதானத்தில் ஒரு ரவுண்டு ஓட முடிகிறது என்று முதல் நாள் சந்தோஷமாகச் சொன்னார். அவர் மனைவியும் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். மாஸ்டர் பள்ளிக்குப் போகிற வழியில் ஏழு மணிக்கெல்லாம் லேப்பில் இறங்கி ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்.

ஜெல் ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து எடுத்த முதல் சாம்பிளில் அளவு, மேல் எல்லையைப் போல மூன்று மடங்கு வந்தது. நான் என்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன். மறுபடி ஓட்டினேன், நீர்க்க வைத்துப் பார்த்தேன், மெஷினைச் சரிபார்க்க ஓட்டும் அன்றைய கட்டுப்பாட்டுச் சாம்பிள்கள் எல்லாம் சரியாக இருந்தன. காலையில் ஜெல் போட்ட நேரமும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். டாக்டர் மருந்தைப் பாதியாக்கினார். ஒரு அமுக்குதான் இனிமேல். ஆறு வாரம் கழித்து வந்தார், அளவு அப்படியேதான் இருந்தது.

டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. அதிகமாகப் போடுகிறீர்களா என்று கேட்டார், மாஸ்டர் இல்லை என்றார். ஒரு மாதம் மருந்தே வேண்டாம் என்று நிறுத்திப் பார்த்தார்கள். அப்போது எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. இப்போது வழக்கு முடிந்த மாதிரி ஆகிவிட்டது. போடாவிட்டால் கீழே, போட்டால் எங்கோ மேலே. அப்படியென்றால் ஆள் திருட்டுத்தனமாக அள்ளி அள்ளிப் பூசுகிறார் என்றுதானே அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உடம்பை ஏற்ற ஊசியும் ஜெல்லுமாகத் திரிகிற ஆட்களை ஜிம் பக்கம் நீங்களும் பார்த்திருப்பீர்கள், விளையாட்டு வாத்தியார் வேறு, கேட்க வேண்டுமா.

அந்த நிறுத்தி வைத்த மாதத்தில் ஒரு நாள் மாஸ்டர் என்னைப் பார்க்க வேண்டும் என்று கவுன்ட்டரில் வந்து நின்றார். முகம் உப்பியிருந்தது. பையன்கள் தாமாக விளையாடுகிறார்களாம், இவர் படியில் விசிலோடு உட்கார்ந்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழுவில் நிற்கக்கூட முடியவில்லையாம். பள்ளியில் இன்னொரு பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று மனைவி நினைக்கிறாராம், வீட்டில் இருந்த பாட்டிலை எடுத்து எங்கோ வைத்துவிட்டாராம். இதையெல்லாம் தலையைக் குனிந்தபடி சொன்னார். "மேடம், நீங்க ஒரு தடவை சரியா பாருங்க. நான் டாக்டர் சொன்னதுக்கு மேல ஒரு சொட்டு போட்டதில்ல."

"மெஷின் பொய் சொல்லாது சார்" என்றேன். அதோடு விடவில்லை. "நீங்கதான் உங்க மனசாட்சியைக் கேட்டுக்கணும்" என்றும் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை, வாதாடவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அப்போதெல்லாம் நான் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில்தான் வருவேன். கோட்டூர்புரம் தாண்டியதும் ரயில் ஆற்றுக்கு மேலே போகும். தண்ணீர் என்று சொல்ல முடியாத தண்ணீர், ஆனாலும் காலை ஏழு மணி வெயிலில் அது வெள்ளித் தகடாகக் கிடக்கும். மறுநாள் அங்கே வந்தபோது மாஸ்டரின் தலையாட்டல் ஞாபகம் வந்தது. பொய் சொல்கிற ஆள் அப்படி ஆட்டுவானா என்று தோன்றியது. பெட்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, கண் சொக்கியது. மந்தைவெளி வருவதற்குள் மறந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு அமுக்கு வீதம் மூன்று வாரம் போட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும், அன்றைக்கே பதினோரு மணிக்கு ரிப்போர்ட்டோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு அடையாறு வர வேண்டும். இந்த முறையும் ஏறியிருந்தால் இனி இந்த மருந்தை எழுதித் தரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு அது என்ன மாதிரித் தீர்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். மருந்தில்லாத அந்த ஒரு மாதத்தில் இருந்த மனிதராகவே மிச்ச ஆயுள் முழுக்க இருக்க வேண்டும், அதோடு பொய்யன் என்ற பெயரும் சேரும்.

பத்தேகாலுக்கு முடிவு திரையில் வந்தது. மூன்று மடங்கு. எனக்கு ஆச்சரியமே இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அதே தாளில் இரண்டு வரி மேலே இருந்த ஹீமோகுளோபினைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அதற்கு முன்னாலும் மூன்று தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டவள்தான். படித்தது அன்றைக்குத்தான்.

டெஸ்டோஸ்டீரோன் அவ்வளவு உயரத்தில் மாதக் கணக்கில் நின்றால் ரத்தம் கெட்டியாகும், ஹீமோகுளோபின் ஏறும். துணிக்கடைக்காரருக்கு ஒரு சமயம் அப்படி ஏறி, மருந்தை நிறுத்த வேண்டி வந்தது. மாஸ்டருக்கோ ஒவ்வொரு முறையும் அது இறங்கிக்கொண்டே வந்திருந்தது. சோர்ந்துபோன மனிதனின் ரத்தம் அது. ஒரே உடம்பு, ஒரே காலை, ஒரே தாள். இரண்டு எண்ணும் இரண்டு வேறு மனிதர்களைப் பற்றிப் பேசின. சாம்பிள் மாறிவிட்டதா என்று முதலில் தோன்றியது, ஆனால் ஏறி வந்த மூன்று தடவையுமா மாறும்?

போன் அடித்தது. டாக்டர்தான். அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ரிப்போர்ட் எங்கே என்றார். எண் என்னவென்று எனக்குத் தெரியும், சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்றேன். மெஷின் கோளாறா என்று கேட்டார். மெஷினில் ஒன்றுமில்லை, கோளாறு எங்கே என்று தெரியவில்லை, ஆனால் இந்த எண்ணை நம்பாதீர்கள் என்றேன். அப்படி ஒரு பதிலை யாரும் விரும்ப மாட்டார்கள். அவரும் விரும்பவில்லை. பின்னால் வெயிட்டிங்கில் இருபது பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கீழே ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா இருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் அக்கா என்றே எழுதுகிறேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற குடும்பம், அவர் ஒருவர்தான் இந்த வேலைக்கு வந்தவர். எவ்வளவு ஒடுங்கிய நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் கேட்டதெல்லாம் சாம்பிள் வந்தாச்சா, பெயர் ஒட்டியாச்சா, அவ்வளவுதான். மாடியில் நாங்கள், கீழே அவர்.

மாஸ்டருக்கு ரத்தம் எடுக்கும்போது ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இன்னா மேடம் வித்தியாசம், நல்ல ஆளு. கை மட்டும் எப்பவும் வழுக்கும்" என்றார் அக்கா. "நான் பஞ்ச எடுக்கறதுக்கு முன்னாடியே ஸ்பிரிட் வாசன வரும். ஊட்லயே சுத்தமா தொடச்சிக்கினு வராரு போலன்னு நெனச்சிக்கினேன்."

மாஸ்டர் தடவும் ஜெல்லில் பெரும்பகுதி ஸ்பிரிட்தான். எந்தக் கை என்று கேட்டேன். அக்கா நாற்காலியைக் காட்டினார். அறை சின்னது, வலது பக்கம் சுவர். கை வைக்கிற பலகை இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. எல்லாருக்கும் இடது கைதான். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவசரத்தில் குரலை உயர்த்திவிட்டேன்.

"நீங்க எப்ப மேடம் கேட்டீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நான் எப்போது கேட்டேன் என்று அவர் யோசித்துப் பார்த்த மாதிரி இருந்தது.

அங்கேயே நின்று மாஸ்டருக்குப் போன் போட்டேன். அடையாற்றில் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஜெல்லை எப்படித் தடவுகிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். தோளில்தான் போடுகிறார். ஆனால் அவர் விளையாட்டு வாத்தியார். மேட்சுக்கு முன்னால் பையன்களுக்குக் கை கால் நீவிவிட்டே பழகியவர். வலது உள்ளங்கையில் எடுத்து, இடது தோளில் ஆரம்பித்து, முழங்கை மடிப்பைத் தாண்டி மணிக்கட்டு வரை ஒரே இழுப்பாக நீவுவாராம். "அப்பதான மேடம் நல்லா உள்ள எறங்கும்" என்றார்.

மருந்து ஊறிய அதே மடிப்பில்தான் நாங்கள் அந்த மூன்று தடவையும் ஊசியைக் குத்தியிருக்கிறோம். ஸ்பிரிட் பஞ்சால் காசளவுக்குத் துடைத்தால் தோலுக்குள் ஊறியது போய்விடாது. ஊசி போகும்போது துளியூண்டு மருந்தையும் ட்யூபுக்குள் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் துளியூண்டு போதும். மெஷின் பொய் சொல்லவில்லை. ரத்தத்தோடு சேர்ந்து அவர் தோலையும் அளந்து கொடுத்திருக்கிறது. நான்தான் அதை அவர் உடம்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

உடனே கிளம்பி வரச் சொன்னேன். டாக்டரிடம் நானே பேசினேன். மாஸ்டரும் மனைவியும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மாஸ்டரின் வலது கையை விரல் நுனியிலிருந்து தோள் வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காய வைத்து, இடது கை அதன் மேல் படாமல் பார்த்துக்கொண்டு ரத்தம் எடுத்தார். மீன் கழுவுகிற கை மேடம், ஒண்ணும் ஒட்டாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

முடிவு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்றேன், அவர்கள் போகவில்லை. கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கும். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மடியில் கைப்பையை வைத்து அதன் மேல் கையைக் கோத்திருந்தார். மாஸ்டர் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது, வெளியே யாரோ கத்தரிக்காய் விலை கூவிப் போனார். நான் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன். தப்பாக இருந்துவிட்டால், வலது கையும் மூன்று மடங்கு என்று சொல்லிவிட்டால், இந்த மனிதரை இரண்டாவது தடவை கொன்ற மாதிரி ஆகுமே என்று பயமாக இருந்தது. பயத்தில் நேரம் நகராது என்பார்கள். எனக்கு அது நகர்ந்ததா என்றே தெரியவில்லை, ஏதோ தண்ணீருக்குள் நடக்கிற மாதிரிதான் இருந்தது.

வலது கை ரத்தத்தில் அளவு கீழ் எல்லைக்கும் கீழே இருந்தது. மருந்து அதிகமாக இல்லை, போதவில்லை. அதிகம் அதிகம் என்று சொல்லிச் சொல்லி, தேவைப்படுகிற மனிதரிடமிருந்து நாங்கள் மூன்று நான்கு மாதமாக மருந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். டாக்டருக்குச் சொன்னேன். நானும் கேட்டிருக்க வேண்டும் என்றார். பழையபடி இரண்டு அமுக்கு, தோளோடு நிறுத்தச் சொல்லுங்கள், நாளைக்கு நானே அவரிடம் பேசுகிறேன் என்றார்.

இரண்டு முடிவுகளையும் ஒரே தாளில் அடித்து, எந்தக் கை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி, கவரில் போட்டுக் கீழே கொண்டுவந்தேன். மெயிலில் அனுப்பியிருக்கலாம், கவுன்ட்டர் பெண்ணிடம் கொடுத்திருக்கலாம். மனசாட்சியைப் பற்றிப் பேசியவள் நான்தானே.

கவரை அந்த அம்மாவிடம் நீட்டினேன். தப்பு எங்களுடையது, ரத்தம் எடுத்த இடத்தில் மருந்து இருந்திருக்கிறது, சார் மேல் ஒன்றுமே இல்லை, நான் அன்றைக்குப் பேசியதற்கு மன்னிக்க வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். மாஸ்டர் என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அந்த அம்மா கவரை வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை. அதில் வரிவரியாக எழுதியிருப்பதாக நான் சொல்ல ஆரம்பித்தேன். இருக்கட்டும் மேடம் என்று என்னை நிறுத்திவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. எவ்ளோ போட்டீங்க?"

"டாக்டர் சொன்னதுதான். மொதல்ல ரெண்டு, அப்புறம் ஒண்ணு."

"ஸ்கூல்ல பாட்டில்?"

"இல்ல."

"சரி" என்றார் அந்த அம்மா. கவரை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாஸ்டர் இத்தனை மாதமும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். இப்போதுதான் அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டார், என் தாளைப் படிக்காமலே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தாளை நம்பியே வாழ்ந்தவள் நான். அந்தத் தாள் அப்படி மடிந்து பைக்குள் போனது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா நடுவில் இருந்த நாற்காலிக்கு நகர்ந்து, அவருடைய கையைப் பிடிக்கப் போனார். அது இடது கை. காலையில் தடவியது இன்னும் அதில் இருந்தது, பெண்கள் மேல் படக் கூடாத மருந்து. "அந்தக் கையைத் தொடாதீங்கம்மா" என்று பதறிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அதுதான். அந்த அம்மா எழுந்து மாஸ்டரின் முழங்காலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.